வயிறு உப்புசம்: காரணம் கண்டுபிடிப்பதிலிருந்து கட்டுக்குள் வைப்பது வரை

ஒருநாள் காலையில் எழுந்ததும் தொப்புளைச் சுற்றித் தையல் நாடாவை வைத்து அளந்தேன்: 84 செ.மீ. இரவு எட்டு மணிக்கு அதே நாடா, அதே இடம்: 89 செ.மீ. இடையில் வயிற்றுக்குள் போனது மூன்று வேளை உணவும் தண்ணீரும்தான். அந்த ஐந்து சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது, மறுநாள் காலைக்குள் எங்கே போனது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் அன்றே விடை தெரிந்திருந்தால் அடுத்த ஒன்பது மாதங்களை வீணாக்கியிருக்க மாட்டேன்.

வீணாக்கிய விதம் பலருக்கும் பழக்கமானதுதான். முதலில் பாலை நிறுத்தினேன். ஒரு வாரம் நன்றாக இருப்பது போலத் தோன்றியது; பிறகு பழைய கதை. அடுத்து கோதுமை. அதற்கும் அடுத்து பயறு வகைகள், முட்டைக்கோஸ், வெங்காயம். தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. வயிறு மட்டும் குறைந்தபாடில்லை. எடை நான்கு கிலோ குறைந்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன். நான் எழுதிக்கொண்டு போன "ஆகாத உணவுகள்" பட்டியலை அவர் மடித்து ஓரமாக வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மலம் கழித்து எழும்போது முழுவதும் போய்விட்டது என்ற நிறைவு இருக்கிறதா?" இல்லை. யோசித்துப் பார்த்தால் வருடக்கணக்காகவே இல்லை. என் உப்புசத்தின் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லில் இருந்தது.

உங்களுக்கும் அதுவே காரணமாக இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் எது என்று தெரிவதற்கு முன்பே தட்டைக் காலி செய்யாதீர்கள். இந்த வழிகாட்டியின் வரிசை முழுவதும் அதற்காகவே அமைந்தது.

உள்ளே என்ன நடக்கிறது

உப்புசம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. வயிற்றுக்குள் காற்றடைத்தது போல, இறுக்கிக் கட்டியது போல உணர்வது ஒன்று. வயிறு கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் தள்ளிக்கொண்டு வருவது மற்றொன்று. இரண்டும் சேர்ந்து வரலாம், தனித்தனியாகவும் வரலாம். வயிறு தட்டையாக இருக்கும்போதே "வெடித்துவிடும் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது மிகை இல்லை. அவருக்கு அப்படித்தான் இருக்கும். இது அரிதான தொல்லையும் அல்ல. 26 நாடுகளில் நடத்திய ஒரு பெரிய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் வாரத்துக்கு ஒரு முறையாவது உப்புசம் வருவதாகச் சொன்னார்கள். பெண்களில் இது ஆண்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு.

வாயு என்றாலே கெட்டது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். ஆரோக்கியமான குடலிலும் எந்நேரமும் 100 முதல் 200 மில்லி லிட்டர் வாயு, ஒரு தேநீர்க் கோப்பை அளவுக்கு, இருக்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை கீழ்வழியே வெளியேறுகிறது. 10 முதல் 20 முறை காற்றுப் பிரிவது இயல்புதான். இந்த வாயுவில் ஒரு பகுதி நாம் விழுங்கும் காற்று. இன்னொரு பகுதி, சிறுகுடலில் செரிக்காமல் தப்பிப் பெருங்குடலுக்குப் போன மாவுச்சத்தை அங்குள்ள நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலரிடம் மீத்தேனும். இவை எதற்கும் வாடை கிடையாது. மூக்கைச் சுளிக்க வைப்பது மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள். வாடை அதிகம் என்பதால் வாயுவும் அதிகம் என்று பொருள் இல்லை.

இனி வருவது எனக்கே வியப்பாக இருந்த செய்தி. ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஃபெர்னாண்டோ அஸ்பிரோஸ் என்ற மருத்துவரின் குழு, வயிறு தள்ளிக்கொண்டு வரும் நேரத்தில் நோயாளிகளை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. பலருக்கு வாயுவின் அளவு பெரிதாகக் கூடியிருக்கவே இல்லை. மாறியிருந்தது தசைகள். சாப்பிட்ட பிறகு ஆரோக்கியமான உடலில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் சற்று மேலே ஏறி இடம் விடுகிறது. முன்வயிற்றுத் தசை இறுகிக்கொள்கிறது. இவர்களிடம் எல்லாம் தலைகீழ்: உதரவிதானம் கீழே இறங்கி அழுத்துகிறது, முன்வயிறு தளர்ந்து விடுகிறது. உள்ளே இருப்பது அதே பொருள்தான். பாத்திரத்தின் வடிவம் மாறிவிட்டது. என் ஐந்து சென்டிமீட்டரில் பாதிக்கு இதுவே விடை என்று நினைக்கிறேன். இரவில் படுத்துத் தூங்கியதும் தசைகள் இயல்புக்குத் திரும்ப, காலையில் நாடா 84-ஐக் காட்டுகிறது.

இவற்றோடு நரம்பையும் சேர்க்க வேண்டும். குடலெரிச்சல் நோய் (ஐ.பி.எஸ்., வயிற்று வலியோடு மலப் பழக்கமும் மாறும் தொல்லை) உள்ளவர்களின் குடல் நரம்புகள், மற்றவர்கள் உணரவே செய்யாத சிறு விரிவையும் மூளைக்கு வலியாகச் சொல்லி அனுப்புகின்றன. மனக்கவலையும் தூக்கமின்மையும் அந்த ஒலிபெருக்கியை இன்னும் திருகிவிடும்.

காற்று, தேங்கிய மலம், நரம்பு, தசை. உங்கள் உப்புசத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று தெரிந்துகொள்வதுதான் வேலை.

இந்த வழிகாட்டி யாருக்கு இல்லை

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுச் சோதனைகளை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்: முயலாமலே எடை குறைவது, மலத்தில் இரத்தம் அல்லது கரிய மலம், இரத்தசோகை, தொடர் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விழுங்கச் சிரமம், மஞ்சள் காமாலை, நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் குடல் புற்றுநோய் வந்திருப்பது. ஐம்பது வயதுக்குப் பிறகு முதல்முறையாக மலம் கழிக்கும் பழக்கம் மாறினாலும் அப்படியே. மூன்று, நான்கு கிலோ குறைந்த பிறகும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த என்னைப் போல இருக்க வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு, கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உப்புசம் காலையில் வற்றி மாலையில் ஏறும் தன்மையை இழந்து, நாள் முழுக்க ஒரே மாதிரி நிற்கிறதா? மாதத்தில் 12 நாளுக்கு மேல் வருகிறதா? கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா, அடிவயிறு வலிக்கிறதா, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுகிறதா? சினைப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் இப்படிச் சாதாரண வேடத்தில்தான் வரும். குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர்கள் இதை "வாயுத் தொல்லை" என்று தள்ளிப் போடக் கூடாது. சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இரண்டையும் பற்றி மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

வயிறு வீங்கி, கடும் வலியோடு வாந்தியும் வந்து, மலமும் காற்றும் அறவே நின்றுவிட்டால் அது குடலடைப்பாக இருக்கலாம். அப்போது கஷாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முதல் படி: இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் நிறுத்தாதீர்கள்

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். இந்த இரண்டு வாரமும் வழக்கம்போலவே சாப்பிட வேண்டும். மாற்றினால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. என் நோட்டிலிருந்து ஒரு நாளை அப்படியே தருகிறேன்:

காலை 7.00: வயிறு லேசு, 2/10. மலம்: சிறு உருண்டைகள், முக்க வேண்டியிருந்தது.
8.30: ரொட்டி, முட்டை, காபி. ஏழு நிமிடத்தில் முடித்தேன்.
9.00: இறுக்கம் 5/10.
1.15: சோறு, காய்கறி, தயிர். கைபேசியைப் பார்த்தபடி.
5.00: 6/10. நான்கு ஏப்பம். சூயிங் கம் இரண்டு.
8.00: 8/10. இடுப்புப் பட்டை ஒரு துளை தளர்த்தினேன்.

இதில் கவனிக்க வேண்டியது உணவின் பெயரைவிட நேரம். இரைப்பை காலியாகவே இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகிறது. உணவின் மிச்சம் பெருங்குடலை எட்ட மேலும் சில மணி நேரம் ஆகும். அங்கே ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை தங்குகிறது. ஆகவே ரொட்டி சாப்பிட்ட அரைமணியில் வயிறு இறுகினால் அதைப் பெரும்பாலும் அந்த ரொட்டியின் நொதித்தல் என்று சொல்ல முடியாது. இரைப்பையில் உணவு விழுந்ததும் "கீழே இடம் காலி செய்" என்று பெருங்குடலுக்கு ஓர் அனிச்சை உத்தரவு போகிறது. அங்கே நேற்றைய சரக்கு தேங்கியிருந்தால் அது அசையும்போது இறுக்கம் தெரிகிறது. சாப்பிட்டவுடன் வருவதற்கு விழுங்கிய காற்று, வேகம், தேங்கிய மலம், தசை ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து, இரைச்சலோடும் காற்றோடும் வந்தால் உணவைச் சந்தேகியுங்கள். ஒன்பது மாதம் நான் தவறான குற்றவாளிகளைத் தண்டித்துக்கொண்டிருந்ததற்கு இந்த நேரக் கணக்கு தெரியாததே காரணம்.

மாதவிடாய் வருபவர்கள் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஹார்மோன் மாற்றங்களால் குடல் மந்தமாகலாம், உடலில் நீரும் தேங்கலாம். அந்த வாரத்தில் மட்டும் உப்புசம் வந்தால் உணவுப் பட்டியலைக் குடைந்து பயனில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளை எழுதுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், அகார்போஸ், புதிதாக வந்திருக்கும் எடைக் குறைப்பு ஊசிகள், இரும்புச் சத்து மாத்திரை, ஓபியாய்டு வகை வலி மருந்துகள், இரத்த அழுத்தத்துக்கான வெராபமில் எல்லாம் வயிற்றை உப்பவோ மலத்தை இறுக்கவோ கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்; பட்டியலை மருத்துவரிடம் காட்டினால் மாற்று இருக்கும்.

இரண்டாம் படி: தேங்கியதை வெளியேற்றுங்கள்

தினமும் கழிப்பறைக்குப் போகிறவருக்கு மலச்சிக்கல் இருக்காது என்பது தவறான எண்ணம். நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்பு. எண்ணிக்கையைவிட வடிவத்தைப் பாருங்கள். 1997-இல் வெளியான பிரிஸ்டல் மல அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஆட்டுப் புழுக்கை போலத் தனித்தனி உருண்டைகள் முதல் வகை. உருண்டைகள் ஒட்டிய கட்டி இரண்டாம் வகை. இவை இரண்டும் மலச்சிக்கல். மூன்றும் நான்கும் இலக்கு: வழவழப்பாக, முக்காமல் வருவது. உருண்டைகள் தேங்கிய பெருங்குடலில் வாயு நகர வழியில்லை. நுண்ணுயிரிகளுக்கோ நொதிக்க வைக்க நாள்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. மலச்சிக்கல் என்றதும் திடீரென்று தவிடு, பச்சைக் காய்கறிகள், பயறு என்று நார்ச்சத்தைக் குவிப்பது. உப்புசம் இரட்டிப்பாகும், "நார்ச்சத்து எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு கட்டுவார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை என்பது சரிதான். ஆனால் வாரத்துக்கு ஐந்து கிராம் என்ற கணக்கில் ஏறுங்கள். தொடங்க நல்லது இசப்கோல் உமி. அது மெதுவாக நொதிப்பதால் வாயு குறைவு. தண்ணீரை இழுத்துப் பிடித்து மலத்தை மென்மையாக்குகிறது. ஒரு தேக்கரண்டி, ஒரு முழுக் குவளைத் தண்ணீரில் கலந்ததும் உடனே குடித்துவிட வேண்டும். உலர்ந்தபடி வாயில் போட்டால் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். அதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். முதல் சில நாள் வயிறு கொஞ்சம் கூடுதலாகவே உப்பலாம், பொறுத்துப் பாருங்கள். கோதுமைத் தவிடு பலருக்கு நிலைமையை மோசமாக்குகிறது, நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

காலை உணவுக்குப் பிறகு, மேலே சொன்ன அனிச்சை உத்தரவு வலுவாக இருக்கும் நேரத்தில், அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்காருங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் பாதங்களுக்கு அடியில் ஒரு சிறு முக்காலி. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருந்தால் மலக்குடலின் வளைவு நேராகிறது. மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடலாம்.

இவை போதாவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் வகை மலமிளக்கியைப் பற்றி மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். லாக்டுலோஸ் நல்ல மருந்துதான், ஆனால் அது தானே நொதித்து வாயு உண்டாக்கும். உப்புசக்காரருக்கு முதல் தேர்வாக இருக்க வேண்டியதில்லை. மலம் வாசல்வரை வந்தும் வெளியேறவில்லை, விரலால் உதவ வேண்டியிருக்கிறது என்றால் இடுப்புத்தளத் தசைகள் தவறான நேரத்தில் இறுகுவது காரணமாக இருக்கலாம். அதற்கு மலமிளக்கி தீர்வாகாது. தசைப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர் இருக்கிறார். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டே ஆண்டுகளைக் கழிப்பவர்கள் பலர்.

இந்தப் படிக்கு மூன்று வாரம் கொடுங்கள். என் விஷயத்தில் மூன்றாவது வார முடிவில் இரவு 8/10 என்பது 5/10 ஆனது. அதுவரை ஒரு உணவைக்கூட நான் நிறுத்தியிருக்கவில்லை, முன்பு நிறுத்தியவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்திருந்தேன்.

மூன்றாம் படி: விழுங்கும் காற்று

இது சுருக்கமான படி. சூயிங் கம், புகை, உறிஞ்சுகுழாய், பேசிக்கொண்டே சாப்பிடுவது, பொருந்தாத பல்செட் எல்லாமே காற்றை உள்ளே அனுப்பும். 330 மில்லி லிட்டர் குளிர்பானக் குடுவையில் கரைந்திருக்கும் வாயு, வெளியே வந்தால் ஒரு லிட்டருக்கு நெருங்கும். பெரும்பகுதி ஏப்பமாகவும் இரத்தத்தில் கலந்தும் போய்விடும் என்றாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வயிறு சும்மா இருக்காது.

சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கவளத்தையும் இத்தனை முறை என்று எண்ணி மென்று தின்னச் சொல்லும் அறிவுரைகள் எனக்கு ஒத்துவரவில்லை. எண்ணுவதிலேயே சாப்பாட்டின் சுவை போய்விடுகிறது. கவளத்தை வாயில் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவது எளிது.

ஏப்பம் விட்டால் இலேசாகும் என்று வலிந்து ஏப்பம் விடுபவர்கள் உண்டு. ஒவ்வொரு வலிந்த ஏப்பத்துக்கும் முன்பு ஒரு வாய் காற்று உணவுக்குழாயில் இறங்குகிறது. தானாக வருவதை அடக்க வேண்டாம். வராததை வரவழைக்கவும் வேண்டாம்.

நான்காம் படி: உணவை விசாரிக்கும் முறை

இப்போதுதான் தட்டுக்கு வருகிறோம். முதல் மூன்று படிகளுக்குப் பிறகும் தொல்லை நீடித்தால் மட்டும்.

கோதுமையை நிறுத்துவதற்கு முன்பு சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நூற்றில் ஒருவர் அளவுக்கு இருக்கும் இந்த நோயில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் சிறுகுடலைச் சேதப்படுத்துகிறது. கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். வரிசை மாறினால் பரிசோதனைக்காக மீண்டும் வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட வேண்டி வரும்.

அடுத்து பால். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பாற்சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைவது உலகின் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நேரும் இயற்கை மாற்றம். இதை நோய் என்று சொல்வதே பொருத்தமில்லை. இரண்டு வாரம் பாலை விலக்குங்கள். பிறகு ஒரு காலையில் வெறும் வயிற்றில் 250 மில்லி லிட்டர் பால் குடித்துவிட்டு மதியம்வரை கவனியுங்கள். அதில் சுமார் 12 கிராம் பாற்சர்க்கரை இருக்கும். நொதி குறைந்தவர்களிலேயே பலர் அந்த அளவைத் தாங்கிவிடுவார்கள். அப்படித் தாங்கினால் காபியில் ஊற்றும் பாலைப் பற்றி இனி கவலைப்பட வேண்டாம். தாங்காதவர்களும் தயிரையும் கெட்டிப் பாலாடைக்கட்டியையும் தனியாகச் சோதித்துப் பார்க்கலாம். தயிரில் நுண்ணுயிரிகள் நமக்காகப் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன, கெட்டியான பாலாடைக்கட்டியில் பாற்சர்க்கரை அநேகமாக இருப்பதே இல்லை. லாக்டேஸ் மாத்திரையும் கிடைக்கிறது.

பயறு, பருப்பு, கொண்டைக்கடலை வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையவே கிடையாது. எல்லோருக்கும் இவை வாயு உண்டாக்கும்; வேறுபாடு அளவிலும் உணர்திறனிலும்தான். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் கணிசமாகக் குறையும். சத்து போய்விடுமே என்று ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பவர்கள் வாயுவையும் சேர்த்தே வேகவைக்கிறார்கள்.

வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து இருக்கிறது. கோதுமையால் தொல்லை என்று நினைக்கும் பலருக்குக் குற்றவாளி குளூட்டன் கிடையாது, இந்த ஃபிரக்டான். இதில் சமையலறைக்கு உதவும் ஒரு விவரம்: ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி, நிறம் மாறியதும் பற்களை எடுத்துவிட்டால் வாசனை எண்ணெயில் தங்கும். தொல்லை பல்லோடு போய்விடும். குழம்பில் இது பலிக்காது, ஏனெனில் அங்கே தண்ணீர் இருக்கிறது. அந்த எண்ணெயை அன்றன்றே பயன்படுத்திவிடுங்கள். அறைவெப்பத்தில் நாள்கணக்கில் வைத்த பூண்டு எண்ணெயில் உயிருக்கே ஆபத்தான நச்சுக் கிருமி வளரலாம். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் தாராளமாகச் சேர்க்கலாம்.

சர்க்கரை இல்லாத மிட்டாய்களிலும் சூயிங் கம்மிலும் உள்ள சார்பிட்டால், ஆப்பிள், பேரிக்காய், காளான், காலிஃபிளவர், அதிக அளவில் தேன், மாம்பழம் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஃபோட்மேப் என்று பெயரிட்டது 2005-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு. இந்த உணவு முறையைப் பற்றிப் பலர் பாதி மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறார்கள். இரண்டு முதல் ஆறு வாரம் எல்லாவற்றையும் குறைப்பது முதல் கட்டம் மட்டும். இரண்டாவது கட்டம்தான் உயிர்நாடி: ஒவ்வொரு வகையையும் மூன்று நாள், அளவைக் கூட்டிக்கொண்டே சாப்பிட்டு, இடையில் சில நாள் ஓய்வு விட்டு, எது எவ்வளவில் தொல்லை தருகிறது என்று கண்டுபிடிப்பது. மூன்றாவது கட்டத்தில் தொல்லை தந்ததை மட்டும், தந்த அளவுக்கு மட்டும் குறைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் திரும்பச் சேர்த்துவிட வேண்டும். முதல் கட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் குடலின் நல்ல நுண்ணுயிரிகளுக்கே உணவு கிடைக்காது. ஆறு வாரத்தில் மாற்றமே தெரியாவிட்டால் உணவு உங்கள் காரணம் அல்ல. பழைய சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். குழந்தைகள், கருவுற்றவர்கள், எடை குறைந்தவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் பழக்கம் முன்பே இருந்தவர்கள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. மற்றவர்களும் உணவியல் வல்லுநர் துணையோடு செய்வதே நல்லது.

ஐந்தாம் படி: மூச்சும் நடையும்

தசைகளைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கும். பார்சிலோனாக் குழு, தசைகளின் அசைவைத் திரையில் காட்டி நோயாளிகளுக்குப் பயிற்சி அளித்தபோது வயிற்றின் சுற்றளவு உண்மையாகவே குறைந்தது. திரை இல்லாமல் வீட்டில் செய்யக்கூடியது இது.

சாய்ந்து உட்காருங்கள் அல்லது மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேல். மூக்கால் நான்கு எண்ணும் வரை மெதுவாக மூச்சை இழுங்கள். வயிற்றின் மேலுள்ள கை மட்டும் உயர வேண்டும், நெஞ்சின் மேலுள்ள கை அசையக் கூடாது. உதடுகளைக் குவித்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். விடும்போது தொப்புள் முதுகுத் தண்டை நோக்கி மெல்ல உள்ளே போகட்டும். அந்த நீண்ட வெளிமூச்சில்தான் உதரவிதானம் மேலே ஏறுகிறது. ஐந்து நிமிடம், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு. முதல் வாரம் எனக்கு இது கேலிக்கூத்தாகத் தோன்றியது. நெஞ்சின் மேலிருந்த கை அடங்கவே பத்து நாள் ஆனது. அதன் பிறகு இரவு உணவுக்குப் பின் வரும் இறுக்கம் பாதியானது.

உப்பியதும் வயிற்றை எக்கிக்கொண்டு நடமாடுவது, இறுக்கமான இடுப்புப் பட்டை அணிவது இரண்டும் வேண்டாம். அவை உள்ளழுத்தத்தைக் கூட்டி நெஞ்செரிச்சலைத்தான் தரும்.

சாப்பிட்டதும் படுக்காமல் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் குடலில் வாயு வேகமாக நகர்கிறது. படுத்திருப்பதைவிட நிமிர்ந்திருக்கும் நிலையில் வாயு எளிதாக வெளியேறும் என்பதும் சோதித்துப் பார்த்த செய்தி.

மருந்துக் கடை அலமாரி

சிமெத்திகோன் சிறு குமிழிகளை ஒன்றாக்கும். வாயுவின் அளவைக் குறைக்காது. சிலருக்கு இதமாக இருக்கிறது, தீங்கு அரிது. குடலெரிச்சல் நோயில் வலியோடு வரும் உப்புசத்துக்கு, குடலில் போய்க் கரையும் உறையிட்ட புதினா எண்ணெய் மாத்திரை உதவுகிறது. மெல்லக் கூடாது, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதைக் கூட்டும். கரி மாத்திரைக்கு வலுவான சான்று இல்லை, மற்ற மருந்துகளையும் அது உறிஞ்சிவிடும். புரோபயாட்டிக் சிலருக்குப் பலன் தருகிறது, சிலருக்கு உப்புசத்தையே கூட்டுகிறது. ஒரே வகையை நான்கு வாரம் எடுத்துப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். குடலைச் "சுத்தம்" செய்வதாகச் சொல்லும் பொடிகளும் தேநீர்களும் பெரும்பாலும் பேதி மருந்துகள்தான்.

மருத்துவரிடம் போகும்போது

இரண்டு மாதம் முறையாக முயன்றும் பலனில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். "எப்போதும் வயிறு உப்புசம்" என்று சொல்வதைவிட "காலையில் 2, மாலையில் 7, மலம் இரண்டாம் வகை, பால் சோதனையில் மாற்றமில்லை" என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. இரத்த அணுக்கள், தைராய்டு, சீலியாக் ஆகிய பரிசோதனைகள் வழக்கமானவை. தேவைப்பட்டால் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை, ஸ்கேன். சிறுகுடலில் நுண்ணுயிரிகள் மிகுந்திருந்தால் அதற்கென ஆன்டிபயாட்டிக் உண்டு. பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தால் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாளாவது உப்புசம், மூன்று மாதமாகத் தொடர்கிறது, தொடங்கி ஆறு மாதமாகிறது, வேறு நோய் இல்லை என்றால் அதற்குச் செயல்பாட்டு உப்புசம் என்று மருத்துவத்திலேயே பெயர் இருக்கிறது. நரம்பின் உணர்திறனைத் தணிக்க மிகக் குறைந்த அளவில் மனச்சோர்வு மருந்து தருவதும் உண்டு, "எனக்கு மனநோய் என்கிறாரா?" என்று கோபப்பட்டு வந்துவிடாதீர்கள். அது அந்த அளவில் குடல் நரம்புக்கான மருந்து.

இன்றிரவே உப்பிக்கொண்டால்

இடுப்பு உடையைத் தளர்த்துங்கள். பத்து நிமிடம் அறைக்குள்ளேயே நடங்கள். பிறகு இடப்பக்கமாகச் சரிந்து படுத்து முழங்கால்களை நெஞ்சை நோக்கி மடக்குங்கள்; வயிற்றின் மேல் வெந்நீர்ப் பை, தோலைச் சுடாத சூட்டில். வலக் கீழ் வயிற்றில் தொடங்கி விலா எலும்பு வரை மேலேறி, குறுக்கே இடப்பக்கம் வந்து, கீழே இறங்குமாறு உள்ளங்கையால் மெதுவாகத் தடவுங்கள். பெருங்குடல் போகும் வழி அதுதான். இட விலாவுக்குக் கீழே குத்துவது அந்த மேல் வளைவில் சிக்கிய வாயுவாக இருக்கலாம். ஆனால் நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் வாயு என்று தடவிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்சை அழையுங்கள்.

காற்று பிரிய வேண்டுமென்றால் பிரியட்டும். வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.